நோட்டில் இல்லாத அக்கா

அத்தியாயம் பதினான்கு

கப்பலில் ஃபிட்டர் வேலை பார்க்கும் அண்ணன் வயிற்றுவலியில் சுருண்டு விழுந்து, ஜப்பானியத் துறைமுகம் ஒன்றில் இறக்கப்பட்டு, அங்கேயே ஆபரேஷன் ஆகி இன்றோடு ஏழு நாள். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. கம்பெனிக்காரர் தினமும் ஒரே பாட்டைப் பாடினார்: சிகிச்சை நடக்கிறது, தகவல் வந்தால் சொல்கிறோம்.

தகவல் வந்தது கம்பெனிக்கு இல்லை. எறும்புக்கு.

எறும்பு அந்த வீட்டின் கடைக்குட்டி. பதினாறு வயது, அதற்குப் பொருந்தாத குட்டை உருவம், எந்நேரமும் எதையாவது தூக்கிக்கொண்டு திரியும் குணம். அதனால் வீடே வைத்த பேர் அது. அண்ணன் மட்டும் ‘அரி’ என்பான். ஜப்பானிய மொழியில் எறும்பு என்றால் அரி. விளையாட்டாகத் தன் போனிலும் அந்த மொழி எழுத்திலேயே அவள் நம்பரைப் பதிந்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி நர்ஸ் அந்தப் போனைப் பார்த்தபோது, அவளால் படிக்க முடிந்த ஒரே பேர் அதுதான். இவருக்கு நம் மொழி தெரியும் போலிருக்கிறது என்று கூப்பிட்டுவிட்டாள்.

எறும்புக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி, அண்ணன் அனுப்பிய படப் புத்தகமும் இரண்டு வருஷத்து கார்ட்டூன்களும் சொல்லிக்கொடுத்தது மட்டும். காய்ச்சல் என்ற சொல் காதில் பிடிபட்டது. ஆபரேஷன் பிடிபட்டது. புதன்கிழமை நாலு மணிக்கு மறுபடி கூப்பிடுவார்கள் என்பதும் பிடிபட்டது. நடுவே, இரண்டு முறை, மணி அடித்ததுபோல் ஒரு சொல் கேட்டது. அக்கா.

போனை வைத்ததும் அவள் சொன்னாள், "அண்ணன் அக்காவைக் கேக்குதாம்."

அந்த ஒரு வரிதான் இரண்டு வருஷப் பூட்டைத் திறந்தது.

அக்கா பஸ் டிரைவர். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு பஸ் ஓட்டப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, அண்ணன் சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டுச் சிரித்தான். "இவ ஓட்டற பஸ்ல ஏறறதுக்குப் பதிலா நான் நடந்தே போவேன்" என்றான். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் அவனை அதட்டவும் இல்லை. அக்கா தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டு, பெட்டியோடு கிளம்பினாள். அதற்குப் பிறகு வாசற்படி மிதிக்கவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அம்மாவே போன் செய்தாள். ஒரு மணி நேரத்தில் அக்கா காக்கி உடுப்போடு வாசலில் நின்றாள். "என்னைக் கேட்டானாமே" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அவள் இங்கேதான். பாத்ரூமில் அவளுடைய டூத் பிரஷ் வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாவும் அவளும் காலையில் எதற்கோ சிரிக்கும் சத்தம் எறும்புக்குத் தூக்கத்தில் கேட்டது. வீடு திரும்ப வீடாகியிருந்தது.

இப்போது புதன்கிழமை காலை எட்டு மணி. எறும்பு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் அகராதி.

நாலு மணி போனுக்குத் தயாராகலாம், நாலு ஆஸ்பத்திரிச் சொல்லாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அகராதியைப் பிரித்தாள். அங்கே நாலு மணி என்றால் இங்கே மத்தியானம், நேரம் இருந்தது. முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் அது இருந்தது.

அக்க. நிலைமை மோசமாவது. நோய் முற்றுவது.

கடைசி எழுத்து குட்டையாக இருந்தது. நர்ஸ் சொன்னதும் குட்டையாகத்தான் கேட்டது. லைன் சரியில்லை, ‘கா’ பாதியில் அறுந்துவிட்டது என்று எறும்பு நினைத்துக்கொண்டாள். லைனில் கோளாறே இல்லை. அந்தச் சொல்லே அவ்வளவுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த மாதிரிச் சொற்களைப் பிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தாள். இடப்பக்கம் அவர்கள் சொல், வலப்பக்கம் நம் சொல். கனி என்றால் அங்கே நண்டு. குச்சி என்றால் வாய். ஆனா என்று இங்கே இழுக்கிறோமே, அங்கே அன என்றால் ஓட்டை. சிச்சி என்றால் அப்பா. அப்பா உயிரோடு இருந்திருந்தால் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். உமா என்றால் குதிரை. அந்தப் பேருள்ள பழைய கணக்கு டீச்சரை நினைத்து அண்ணன் கடலுக்கு நடுவிலிருந்து அரை மணி நேரம் சிரித்தான்.

சில ஜோடிகள் அவளைத் திகைக்க வைத்தன. அங்கே அனி என்றால் அண்ணன், இங்கே அண்ணி. அங்கே நமாயே என்றால் பெயர், இங்கே நாமம், இங்கிலீஷில் நேம். கரை என்று அவர்கள் முகம் சுளித்தால் காரம் என்று அர்த்தம். நிச்சயம் ஏதோ சொந்தம் இருக்கிறது, ஒரு காலத்தில் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்து பிரிந்து போனவர்கள் என்று அவள் வாதாடுவாள். அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவர்கள் நன்றி சொல்ல அரிகாதோ என்கிறார்கள், போர்ச்சுகீசியர்கள் ஒப்ரிகாதோ என்கிறார்கள், அதுவும் சும்மா தற்செயல்தானாம் என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். "ஒரே மாதிரி சட்டை போட்டிருந்தா ஒரே வீட்டுப் பிள்ளைங்களா, அரி?"

அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் அவள் ஏமாந்திருக்கிறாள்.

அண்ணன் அக்காவைக் கேட்கவே இல்லை. அது ஒரு பயம். அதற்குப் பின்னால் இன்னொரு பயம் நின்றது, முதல் பயத்தை விடப் பெரியது. நர்ஸ் மோசமாகிறது என்று சொன்னாளா, மோசமாகவில்லை என்று சொன்னாளா? அந்த வித்தியாசம் வாக்கியத்தின் வாலில் இருக்கும். அந்த வால் அவளுக்கு ஞாபகமே இல்லை.

மூன்று நாளாக அண்ணன் செத்துக்கொண்டிருக்கலாம். தான் அதை நல்ல சேதியாக மாற்றி வீட்டுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்திருக்கலாம்.

அம்மா தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தாள். அக்கா டிப்போவுக்குப் போயிருந்தாள். எறும்பு அகராதியையும் நோட்டையும் அள்ளி, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

டிப்போவில் அக்கா இரும்புக் கம்பியால் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர் படியில் நின்று எறும்பைப் பார்த்து, இவங்கதானா தங்கச்சி என்று விசாரித்தார். மூன்று நாளாக உங்கள் அக்கா பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுகிறார், பயணிகளே பயப்படுகிறார்கள், வீட்டில் என்ன விசேஷம் என்றார்.

"தம்பி கேட்டுட்டானாம்" என்று அக்கா டயருக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அந்தக் குரலில் இருந்த பெருமையை எறும்பு இதற்கு முன் கேட்டதில்லை.

பேச வந்ததைப் பேச முடியவில்லை. ஒன்பது நாற்பது டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. உட்கார், போகும்போது பேசலாம் என்று அக்கா அவளை டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார வைத்தாள். பஸ் கிளம்பியது. எறும்பின் கண்ணுக்கு நேரே தகட்டில் எழுதியிருந்தது: ஓட்டுநரிடம் பேசாதீர்கள்.

நாற்பது நிமிஷம் அந்தத் தகட்டைப் படித்துக்கொண்டு வந்தாள். ஒரு கிழவர் தடியூன்றி ஏறும்வரை அக்கா பிரேக்கில் காலை வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தாள். நெருக்கமான சந்துத் திருப்பத்தில், இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விட்டு, அவ்வளவு பெரிய வண்டியை ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் நுழைத்தாள். அண்ணன் இதை ஒரு தரம் பார்த்திருந்தால் அந்தக் கேலி வார்த்தை வந்திருக்காது என்று எறும்பு நினைத்தாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் டீ குடிக்கப் போனார். எறும்பு அகராதியைப் பிரித்து, அந்த வரியில் விரலை வைத்து நீட்டினாள். வாயால் சொல்லத் தைரியம் இல்லை.

அக்கா படித்தாள். மறுபடி படித்தாள். இன்ஜினை அணைத்தாள். பஸ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"அப்போ அவன் என்னைக் கேக்கல."

எறும்பு இல்லை என்று தலையாட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பாகக் கேட்டுவிட்டேன், வேண்டுமென்று செய்யவில்லை, நீ வந்ததும் எனக்கு இருந்த சந்தோஷத்தில் சந்தேகப்படவே தோன்றவில்லை என்று எதையெதையோ கொட்டினாள். அக்கா ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். முகம் கதவு சாத்தியதுபோல் ஆகிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு இருந்த அதே முகம்.

போய்விட்டாள், இவள் மறுபடி போய்விட்டாள் என்று எறும்புக்கு நிச்சயமாகிவிட்டது.

"அது என் பாடு. அப்புறம் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. "அந்த வார்த்தைக்கு அப்புறம் என்ன சொன்னாங்க? ஆகுதா, ஆகலையா?"

"‘இமாஸ்’னு முடிஞ்சா ஆகுது. ‘இமாசென்’னு முடிஞ்சா ஆகல. நான் அக்காங்கறதுலயே நின்னுட்டேன். வாலைக் கவனிக்கல."

"வார்த்தையோட தலையைப் பாத்ததும் ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சுக்கிட்ட."

திட்டுவாள் என்று எறும்பு காத்திருந்தாள். திட்டு வரவில்லை. அக்கா டிரிப் ஷீட்டைக் கிழிக்காத குறையாக மடித்துப் பையில் போட்டாள். அடுத்த டிரிப் முடிந்து பன்னிரண்டு மணிக்கு எனக்கு இடைவேளை, அம்மா கடைக்கு வந்துவிடுகிறேன் என்றாள்.

"நிஜமா வருவியா?"

"வருவேன். அவன் கூப்பிட்டு இல்ல. நானா வர்றேன். போ, கேள்வியை ஒழுங்கா எழுதி வெச்சுக்கோ."

கடையில் அம்மா ஒரு பெரியவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூக்கில் சோதனை ஃபிரேம். எதிரே எழுத்துப் பலகை. கடைசி வரியை அவர் தடதடவென்று படித்தார், எல்லாமே தப்பு. அம்மா லென்ஸை உருவிக்கொண்டே எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: தெரியறதை மட்டும் சொல்லுங்க. ஊகிச்சா ஊகத்துக்குத்தான் கண்ணாடி கிடைக்கும், கண்ணுக்கு இல்ல.

ஆயிரம் தரம் கேட்ட பேச்சு. இன்றைக்கு அது எறும்பின் பிடரியில் வந்து உட்கார்ந்தது. உள்ளங்கையில் பேனாவால் இரண்டே சொற்கள் எழுதிக்கொண்டாள்: இமாஸ், இமாசென்.

அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். ஒரு முறை பெரியவர் ஃபிரேம் கனக்கிறது என்று குறுக்கிட்டார். மறுமுறை அக்கா வந்து நின்றாள், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. அவள் பின்னாலேயே போனும் அடித்தது.

அம்மா கடைக் கதவைச் சாத்தினாள். பெரியவரை வெளியே அனுப்ப மறந்துவிட்டாள். அவரும் ஃபிரேமோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எறும்பு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அரி-சான்?" என்று மரியாதையாகக் கூப்பிட்டது நர்ஸின் குரல். பிறகு மழைபோல் ஒரு பேச்சு. அதற்குள் அந்தச் சொல் வந்தது. அக்க.

அம்மா சட்டென்று நிமிர்ந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "பாத்தியா, உன்னைத்தான் கேக்கறான்."

எறும்பு கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக. உள்ளங்கையைப் பார்த்து, கேள்விக்கு ஒரு ‘கா’ சேர்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டாள்: அக்க ஷிதே இமாஸ் கா? இமாசென் கா?

குழந்தைக்குச் சொல்வதுபோல் நர்ஸ் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"இமா-சென். அக்க ஷிதே, இமா-சென்." காய்ச்சல் பற்றியும் அதே நிதானத்தில் இரண்டு வரி சேர்த்தாள்.

"ஆகல" என்றாள் எறும்பு. "மோசமாகல. அம்மா, அக்கான்னா அங்க மோசமாகறதுன்னு அர்த்தம். அன்னைக்கு நான்தான் தப்பா சொன்னேன். அண்ணன் அக்காவைக் கேக்கல. ஆனா மோசமாகல. காய்ச்சல் இறங்கிடுச்சு, நல்லா ஆகிட்டு வருதுன்னு சொல்றாங்க."

அம்மா எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். பஸ் விட்ட மூச்சைவிட அது நீளம்.

நர்ஸ் இன்னும் ஏதோ சொன்னாள். கவாரிமாஸ்.

அம்மா பதறிப்போய் அது என்ன என்று கேட்டாள். எறும்புக்கு அந்தச் சொல் தெரியும். மாறுகிறது. எது மாறுகிறது? உடம்பு மாறுகிறதா, மருந்து மாறுகிறதா, ஆஸ்பத்திரி மாறுகிறதா? அவளுடைய மூளை எதையாவது கட்டிப்பிடித்துக்கொள்ளப் பரபரத்தது. பலகையைப் பார்த்தாள். கடைசி வரியைப் பார்த்தாள்.

"‘மாறுது’ன்னு சொல்றாங்க. எதுன்னு தெரியல. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்."

போனில் ஏதோ உரசியது. துணி சரசரத்தது.

"அரி" என்றது ஓர் ஆண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்.

மாறியது போன். கை மாறியது. அவ்வளவுதான்.

அம்மா அழுதாள், சிரித்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், பதில் வருமுன் மறுபடி அழுதாள். கஞ்சி கொடுக்கிறார்கள், தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்றான் அண்ணன். அப்போது அக்கா தொண்டையைச் செருமினாள். சின்னச் சத்தம்தான்.

மறுமுனையில் அண்ணனுக்கு அது கேட்டுவிட்டது.

"அங்க யாரு?"

எறும்புதான் சொன்னாள். நர்ஸ் சொன்னது, அவள் கேட்டது, அக்கா வந்தது, எல்லாவற்றையும். அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, ஐயோ தையல் என்று முனகி, மறுபடி சிரித்தான். அந்த வார்த்தை நம் நோட்டில் இல்லையே என்றான். இன்றைக்கு எழுதிவிடுகிறேன் என்றாள் அவள்.

சிரிப்பு நின்ற பிறகு அவன் குரல் வேறு மாதிரி வந்தது. "அக்கா, நான் கேக்கல. கேக்கத் தைரியம் இல்ல. நெனச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன்."

"நான் மட்டும் என்ன, நீ கேட்டாதான் வரணும்னு உக்காந்திருந்தேன்" என்றாள் அக்கா. "ரெண்டு பேருக்கும் ஒரே நோய்டா. முத்தறதுக்குள்ள எறும்பு பாத்துடுச்சு."

"வீட்டுக்கு வர்றப்போ டாக்சி வேணாம். உன் பஸ்ஸை அனுப்பு."

"நடந்து வர்றேன்னு சொன்னியே."

"இந்த வயித்தை வெச்சுக்கிட்டா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு தொப்பியைத் தலையில் வைத்தாள். கண்ணை மறைக்க அது வசதியாக இருந்தது. எறும்பு பார்த்துவிட்டாள். கடைக் கண்ணாடியில் தெரிந்த அவள் வாய், சிரிப்பில் காது வரை போயிருந்தது.

நர்ஸ் போதும் என்று போனை வாங்கிக்கொண்டாள். அரிகாதோ என்று எறும்பு சொல்ல, அம்மாவும் அக்காவும் அதையே சொல்ல, ஃபிரேம் போட்ட பெரியவரும் எழுந்து நின்று அரிகாதோ என்றார். அப்போதுதான் அவர் அங்கே இருப்பதே எல்லாருக்கும் தெரிந்தது.

எறும்பு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் கேட்டிருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்டி" என்றாள். "அவன் ரோஷம் எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா இவளைக் கூப்பிட எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நீ கொண்டு வந்து நீட்டின. வாங்கிக்கிட்டேன்."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுத்துப் பலகையைப் பார்த்தாள்.

ஒரு மணி டிரிப்புக்கு அக்கா கிளம்பினாள். அம்மா பெரியவரின் ஃபிரேமைக் கழற்றினாள். நாளை வாருங்கள், இன்றைக்கு எனக்கே கண் தெரியவில்லை என்று அனுப்பினாள். கடை ஷட்டரை இழுத்தாள். புதன்கிழமை மத்தியானத்தில் அந்தக் கடை மூடியதை எறும்பு பார்த்ததே இல்லை. அம்மா நடந்து போய், நிறுத்தத்தில் நின்று, பஸ் வந்ததும் கைப்பிடியைப் பற்றி ஏறினாள். மகள் ஓட்டும் பஸ்ஸில் இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார்.

"கடைசி வரைக்கும்" என்றாள் அம்மா.

சந்துத் திருப்பம் வந்தபோது அம்மா முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பஸ் நுழைந்து வெளியே வந்தது. அம்மா கம்பியை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்மணியிடம், ஓட்டுகிறாளே, அவள் என் பெரியவள் என்றாள். பிறகு பின்சீட்டுக்காரரிடமும் திரும்பிச் சொன்னாள். ஓட்டுநர் கண்ணாடியில் அக்காவின் காதுகள் சிவந்தன.

எறும்பு காலையில் உட்கார்ந்த அதே சீட்டில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, புதுப் பக்கத்தில் எழுதினாள். இடப்பக்கம்: அக்க, மோசமாவது. வலப்பக்கம்: அக்கா. அர்த்தம் எழுத யோசித்து, எழுதாமல் விட்டாள். எதிரேயே உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாளே.

போன் துடித்தது. அண்ணனிடமிருந்து ஒரு வரி.

‘அக்காகிட்ட சொல்லு. ஜன்னலோரமா ரெண்டு சீட்டு வேணும். நான் தனியா வரல.’

எறும்பு மூன்று முறை படித்தாள். ஊகிக்கக் கூடாது, தெரிவதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் கை தானாக நோட்டைப் பின்னால் புரட்டி, அனி, அண்ணி என்று எழுதிய பக்கத்தில் போய் நின்றது.

அம்மா மூன்றாவது ஆளிடம் மகள் பெருமை பேசிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு உடனே சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தாள். கண்ணுக்கு நேரே தகடு: ஓட்டுநரிடம் பேசாதீர்கள்.

கடைசி நிறுத்தத்துக்கு இன்னும் பதினோரு நிறுத்தம் இருந்தது.